‘வெர்தன’: ஒரு மூல ஜெர்மானிய வினைச்சொல்லின் உறவுப் பட்டியல் திருத்தப்பட்ட விதம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு சிறு நகரத்தில் தமிழ் பேசும் சிலர் கூடி, தாங்கள் அன்றாடம் புழங்கும் ஜெர்மன் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று படிக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு பக்கத் தாள் ஒன்றை எழுதி வைப்பது அவர்களின் வழக்கம். புதிதாக மொழி படிக்க வருகிறவர்களுக்கு அந்தத் தாள் போகும். இந்த நிகழ்வில் தொடர்புடையவர்கள் நான்கு பேர். மொழியியலில் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து, இங்கு வந்தபின் ஜெர்மன் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒருவர். எல்லாருக்கும் அவர் ‘மாஸ்டர்’. சமஸ்கிருதத்தை இலக்கணத்தோடு முறையாகக் கற்ற பெண்மணி ஒருவர். தாள்களைச் சரிபார்த்து வெளியிடும் பொறுப்பில் இருந்த நான்.

புதிதாக வந்த இளைஞர் ஒருவர் கேட்ட கேள்வியிலிருந்து இது தொடங்கியது. ஜெர்மனில் ‘வேர்டன்’ என்றொரு வினை. ‘இருட்டாகிறது’ என்று சொல்லவும் அதுதான், ‘வீடு கட்டப்படுகிறது’ என்று சொல்லவும் அதுதான், ‘நாளை மழை பெய்யும்’ என்று சொல்லவும் அதுதான். தமிழில் இவற்றுக்கு ‘ஆகு’, ‘படு’, எதிர்கால விகுதி என்று மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒரே சொல் எப்படி மூன்று வேலை செய்கிறது என்று அவர் கேட்டார். விதியைச் சொல்லி மனப்பாடம் செய்யச் சொல்லலாம். மாஸ்டருக்கு அது போதவில்லை. “வேரைப் பார்த்துச் சொல்லுவம்” என்றார். மாணவி முதல் வரைவை எழுத முன்வந்தார்.

மேலே போகுமுன் எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. பழைய ஜெர்மானிய மொழிகளில் ஆங்கில ‘திங்க்’ என்ற சொல்லின் முதலொலி போன்ற உரசொலி ஒன்று உண்டு. அதை இங்கே ‘த’ என்று எழுதுகிறேன். ‘கார்டு’ என்பதில் வரும் ஒலி ‘ட’. ‘பார்ட்டி’ என்பதில் வரும் வல்லொலி ‘ட்ட’. இந்த மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் முழு வழக்கும் நிற்கிறது.

முதல் வரைவில் இருந்தவை

வரைவின் தலைச்சொல் ‘*வெர்தன’. கடைசி அகரம் மூக்கொலியோடு முடியும். முன்னால் உள்ள நட்சத்திரக் குறி, இந்த வடிவம் எந்தச் சுவடியிலும் கல்வெட்டிலும் கிடைத்ததில்லை, பிற்கால மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது என்று அறிவிக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆகஸ்ட் ஷ்லைஹர் வழியாகப் பரவிய வழக்கம் அது. ஜெர்மன், ஆங்கிலம் முதலியவற்றின் தாய்மொழியான மூல ஜெர்மானியத்தைப் பேசியவர்கள் எதையும் நீளமாக எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பது பிள்ளைகளின் பேச்சு. அதிலிருந்து தாயின் பேச்சை ஊகிக்கிறோம்.

நேரடி வழித்தோன்றல்களை மாணவி சரியாகவே திரட்டியிருந்தார். இன்று வழக்கில் இல்லாத ஜெர்மானிய மொழியான கோதிக்கில் ‘வெர்தன்’, பழைய ஆங்கிலத்தில் ‘வெஓர்தன்’, ஸ்காண்டினேவிய மொழிகளின் முன்னோடியான பழைய நார்ஸில் ‘வெர்தா’, பழைய உயர்ஜெர்மனில் ‘வெர்டன்’. இன்றைய மொழிகளில் ஜெர்மன் ‘வேர்டன்’, டச்சு ‘வொர்டன்’, ஐஸ்லாந்திய ‘வெர்தா’, யித்திஷ் ‘வெர்ன்’.

சிக்கல் இரண்டாம் பக்கத்தில். ‘ஆங்கிலத்தில் எஞ்சியவை’ என்ற தலைப்பின் கீழ் ஆறு சொற்கள் இருந்தன: இருந்தன என்று பொருள்படும் ‘வேர்’, சொல் என்று பொருள்படும் ‘வேர்ட்’, காவலரைக் குறிக்கும் ‘வார்டன்’, திசை காட்டும் ‘-வர்ட்’ என்ற பின்னொட்டு, விசித்திரம் என்று பொருள்படும் ‘வியர்ட்’, மதிப்பு என்று பொருள்படும் ‘வொர்த்’. எல்லாம் ஒரே வேரின் கிளைகள் என்று அம்பு போட்டிருந்தது.

இந்தப் பட்டியல் அலட்சியத்தில் எழுந்ததல்ல என்று பதிவு செய்ய விரும்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. ஆங்கிலத்தில் ‘நான் அரசனாக இருந்தால்’ என்னும்போது ‘வேர்’ வரும். ஜெர்மனில் அதே மாதிரியான நிபந்தனை வாக்கியத்தில் ‘வேர்டன்’ வினையின் ஒரு வடிவம் வரும். பயன்பாடு ஒத்துப்போகிறது, ஒலியும் அருகில் நிற்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன’ என்ற எச்சம் ‘வொர்டென்’. சொல் என்பதும் ‘வொர்ட்’. எழுத்துக்கு எழுத்து ஒற்றுமை. யாருக்கும் தோன்றக்கூடிய இணைப்புகள்தான்.

கவனித்தவை

சரிபார்க்கும்போது எங்களை நிறுத்தியது ‘த’வும் ‘ட’வும். ஒரே வினை பழைய ஆங்கிலத்தில் இப்படித் திரிகிறது: நிகழ்காலம் ‘வெஓர்தன்’, இறந்தகால ஒருமை ‘வெஅர்த்’, பன்மை ‘வுர்டொன்’, எச்சம் ‘வொர்டென்’. முதல் இரண்டில் ‘த’, பின் இரண்டில் ‘ட’. பழைய உயர்ஜெர்மனிலும் ‘வெர்டன்’, ‘வர்ட்’ என்று தொடங்கி ‘வுர்ட்டுன்’ என்று பன்மையில் வல்லொலியாகிறது. இரண்டு மொழியிலும் மாற்றம் விழும் இடம் ஒன்றே. வரைவு இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இதைச் சொல்லாமல் எந்தச் சொல்லையும் உள்ளே விடவோ வெளியே தள்ளவோ முடியாது என்பது என் நிலைப்பாடு.

விளக்கம் பழையது, உறுதியானது. ராஸ்மஸ் ராஸ்க் 1818இல் கவனித்து, யாக்கோப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்திய விதிப்படி, சமஸ்கிருதம், லத்தீன், ஜெர்மானியம் எல்லாவற்றுக்கும் தாயான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியின் ‘த்’ (பல்லில் படும் வல்லொலி) ஜெர்மானியத்தில் உரசொலித் ‘த’ ஆகும். ஆனால் சில இடங்களில் அது ‘ட’ ஆகிவிடுகிறது. ஐம்பது ஆண்டுகள் இதற்குக் காரணம் தெரியவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1870களின் நடுவில் அதை அவிழ்த்தார். மூலமொழியில் அசையழுத்தம் அந்த ஒலிக்கு நேர்முன்னே விழுந்திருந்தால் ‘த’ நிலைக்கும். வேறெங்காவது விழுந்திருந்தால் ‘ட’ ஆகும். பிற்பாடு ஜெர்மானியத்தில் அழுத்தம் எல்லாச் சொல்லிலும் முதலசைக்குப் போய்விட்டது. காரணம் அழிந்தது, விளைவு மட்டும் தங்கியது. அந்தத் தொலைந்த அழுத்தத்தை வெர்னர் எங்கே கண்டுபிடித்தார் என்றால், வேத சமஸ்கிருதத்தில்.

சமஸ்கிருதம் கற்ற பெண்மணி பலகையில் இரண்டு சொற்கள் எழுதினார். ‘ப்ராதர்’ என்ற சகோதரனுக்கு அழுத்தம் முதலசையில்; ‘பிதர்’ என்ற தந்தைக்கு இரண்டாம் அசையில். கோதிக்கில் முன்னது ‘த’வோடு ‘ப்ரோதர்’, பின்னது ‘ட’வோடு ‘ஃபடர்’. ஜெர்மனில் இன்றும் ‘ப்ரூடர்’, ‘ஃபாட்டர்’ என்று வேறுபாடு நிற்கிறது. அடுத்து எங்கள் வினையை எழுதினார். ‘வவர்த’ என்ற ஒருமையில் அழுத்தம் வேரில். ‘வவ்ருதிம’ என்ற பன்மையில் அழுத்தம் விகுதியில். பழைய ஆங்கிலத்தின் ‘வெஅர்த்’, ‘வுர்டொன்’ இரண்டும் அப்படியே அவற்றின் மேல் பொருந்துகின்றன. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மொழிகள் ஒரே வினையின் ஒரே வடிவங்களில் ஒரே இடத்தில் மாறுகின்றன. சொற்பிறப்பியலில் இதைவிட நேர்த்தியான சான்று அதிகம் கிடையாது என்றே நினைக்கிறேன்.

மாஸ்டர் அப்போது சொன்னது எங்கள் தாளின் மையமாயிற்று. “பிள்ளை, இது பழைய ஆங்கிலத்தில மட்டும் இல்ல. ‘ஷ்னைடன்’, ‘கெஷ்னிட்டன்’. ‘லைடன்’, ‘கெலிட்டன்’. முப்பது வருஷமா இதை விதிவிலக்கு எண்டு பாடமாக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறம்.” அவர் சொன்னது சரி. வெட்டுதல், துன்புறுதல் என்ற அந்த இரண்டு வினைகளிலும் வருவது வெர்னர் கண்ட அதே மாற்றம்தான். ‘வேர்டன்’ வினையில் மட்டும் அது பிற்காலத்தில் சமன்படுத்தப்பட்டு, ‘வுர்ட’ என்று ‘ட’ ஒன்றே எங்கும் நிற்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒவ்வொரு சொல்லையும் மூன்று கேள்விகளால் சோதிப்பது என்று தீர்மானித்தோம். ஒலி விதிப்படி வருகிறதா? ஜெர்மானியத்துக்கு வெளியே உள்ள உறவுமொழி என்ன சொல்கிறது? பொருள் மாறிய வழியைக் காட்ட முடிகிறதா?

‘வேர்’ முதலில் வெளியேறியது. அது ‘வாஸ்’ என்ற ஒருமையின் பன்மை. மூல வினை ‘*வெஸன’, இருத்தல். அங்கேயும் வெர்னரின் விதிதான் வேலை செய்தது: ஒருமையில் ‘ஸ’ நின்றது, பன்மையில் அது அதிர்வுள்ள ‘ஸ’ ஆகி, பின்பு ‘ர’ ஆனது. இன்றைய ஆங்கிலத்தில் அந்த மாற்றம் உயிரோடு இருக்கும் ஒரே வினை அது. ஆக, ‘வேர்’ என்பதும் ‘வுர்ட’ என்பதும் ஒரே விதிக்கு ஆட்பட்ட இரண்டு வேறு வினைகள். ‘*வெஸன’வின் வேருக்குச் சமஸ்கிருத உறவு ‘வஸதி’, தங்கியிருக்கிறான். தமிழுக்குள் வந்த ‘வாசம்’, ‘நகரவாசி’, ‘உபவாசம்’ எல்லாம் அந்த வழிக் கடன்சொற்கள். படிக்கிறவருக்கு இரண்டு வேர்களையும் பிரித்துக் காட்ட இது நன்றாக உதவியது.

‘வேர்ட்’ அவ்வளவு எளிதில் போகவில்லை. பழைய ஆங்கிலமும் பழைய உயர்ஜெர்மனும் இங்கே கைகொடுக்கவில்லை. இரண்டிலும் ‘சொல்’ என்பதும் ‘ஆன’ என்பதும் ஒரே ஒலியில் வந்து விழுகின்றன. லத்தீன்தான் தீர்த்து வைத்தது. சொல்லுக்கு லத்தீனில் ‘வெர்பும்’; திருப்புதலுக்கு ‘வெர்தெரெ’. ‘ர’வுக்குப் பின் லத்தீனில் ‘ப’ வருவது மூலமொழியின் அதிர்வுள்ள மூச்சொலித் ‘த்ஹ’விலிருந்து, தாடியைக் குறிக்கும் ‘பர்பா’வில் வருவதும் அதுவே. ‘வெர்தெரெ’யில் உள்ளது சாதாரண ‘த்’. லிதுவேனிய மொழியும் இதையே சொல்கிறது: பெயருக்கு ‘வர்டஸ்’, மாறுதலுக்கு ‘த்’ வேரோடு ‘விர்ஸ்தி’. கோதிக்கிலும் சொல் ‘வோர்ட்’, எங்கள் வினையின் எச்சம் ‘வோர்தன்ஸ்’. ஆக, இரண்டு வேர்கள். ஜெர்மானியத்துக்குள் மட்டும் பார்த்தால் ஒன்றுபோல் தெரிவது, வெளியே வந்து பார்த்ததும் பிரிந்துவிடுகிறது.

‘வார்டன்’ என்பதையும் ‘-வர்ட்’ என்பதையும் ஒன்றாக எடுத்தோம். பழைய ஆங்கிலத்தில் காவலன் ‘வெஅர்ட்’. திசைப் பின்னொட்டும் ‘வெஅர்ட்’. ஒரே எழுத்துக்கூட்டு. ஆனால் காவலன் வருவது கவனித்தல், காத்தல் என்ற வேறொரு வேரிலிருந்து. பின்னொட்டோ எங்கள் வேரைச் சேர்ந்தது: ‘ஒரு பக்கம் திரும்பிய’ என்பதே அதன் பொருள். லத்தீனிலும் ‘வெர்தெரெ’யின் எச்சமான ‘வெர்ஸுஸ்’ திசை காட்டும் சொல்லாயிற்று. காவலன் வெளியே, பின்னொட்டு உள்ளே.

இந்த இடத்தில் மாணவி ஒரு நியாயமான எதிர்ப்பை வைத்தார். வினையில் ‘த’, பின்னொட்டில் ‘ட’. வெர்னர் விதியைக் காட்டி எதையும் உள்ளே இழுத்துவிடலாமா, அப்படியென்றால் விதிக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். ஒரே வேர் ஒரே மொழியில் இரண்டு ஒலியோடும் நிற்பதைக் கண்ணால் காட்டினால்தான் ஏற்பேன் என்றார். இதற்குப் பதில் தேடி அவரேதான் கண்டுபிடித்தார்.

அந்தச் சான்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. ‘வெள்ளிச் சுவடி’ என்று பெயர்பெற்ற கோதிக் சுவிசேஷப் பிரதி, 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா செய்த மொழிபெயர்ப்பு அதில் உள்ளது. ஊதாநிறம் ஏற்றிய தோல் ஏட்டில் வெள்ளி, பொன் மையால் எழுதியது. 336 ஏடுகள் இருந்திருக்க வேண்டும். 187 உப்சாலாவில் உள்ளன, இன்னொன்று 1970இல் ஜெர்மனியின் ஷ்பையர் நகரத்தில் கிடைத்தது. அந்தச் சுவடியில் உள்ள மத்தேயு 6:16, உபவாசம் பற்றிய வசனம். மாயக்காரரைப் போல வாடிய முகத்தோடு ‘ஆகாதீர்கள்’ என்பதற்கு ‘வெர்தெத்’. அவர்கள் முகத்தைக் ‘கெடுத்துக்கொள்கிறார்கள்’ என்பதற்கு ‘ஃப்ரவர்ட்யந்ட்’. ‘முகம்’ என்பதற்கு ‘அந்ட்வெர்த்ய’, எதிரே திரும்பியிருப்பது. ஒரே வசனத்தில் ஒரே வேர் மூன்று முறை: இரண்டில் ‘த’, நடுவில் உள்ளதில் ‘ட’.

நடுவில் மட்டும் ஏன்? அது பிறவினை. ‘ஃப்ரவெர்தன்’ என்றால் கெட்டுப்போதல், ‘ஃப்ரவர்ட்யன்’ என்றால் கெடுத்தல். தமிழில் ‘கெடுதல்’ என்பதற்கும் ‘கெடுத்தல்’ என்பதற்கும் உள்ள உறவு. மூலமொழியில் பிறவினையின் அழுத்தம் வேரில் விழாது, விகுதியில் விழும். சமஸ்கிருதத்தில் ‘வர்தயதி’ என்பதில் அழுத்தம் எங்கே என்று பெண்மணியிடம் கேட்டோம். “விகுதியில, ‘அய’வில” என்றார். அறையில் இருந்த எல்லாருக்கும் அன்று கிடைத்த மகிழ்ச்சி உண்மையானது. மாணவியின் நிபந்தனை நிறைவேறியது. பின்னொட்டு உள்ளே தங்கியது.

‘வியர்ட்’ பற்றி அதிக விவாதமில்லை. பழைய ஆங்கில ‘வ்யூர்ட்’ என்றால் விதி, நேரப்போவது. விகுதியில் அழுத்தம் விழுந்த பெயர்ச்சொல், அதனால் ‘ட’. நார்ஸ் புராணத்தில் விதியை வகுக்கும் மூன்று பெண்களில் ஒருத்தி ‘உர்த்’. இதே பெயர்ச்சொல், நார்ஸில் உகரத்தின் முன் ‘வ’ உதிர்ந்துவிடும். இரண்டாமவள் ‘வெர்தந்தி’, எங்கள் வினையின் நிகழ்கால எச்சமேதான்: ஆகிக்கொண்டிருப்பவள். மூன்றாமவள் ‘ஸ்குல்ட்’ வேறு வினையிலிருந்து வருகிறாள். ஆங்கிலத்தில் விதி என்ற பொருள் மங்கி விசித்திரம் என்ற பொருள் ஏறியதற்கு, மெக்பெத் நாடகத்தின் மூன்று சூனியக்காரிகளுக்கு இருந்த அடைமொழி வழியானது. அவர்கள் முதலில் விதிச் சகோதரிகள்.

‘வொர்த்’ மட்டும் தீரவில்லை. ஒலி பொருந்துகிறது, கோதிக்கிலும் அது ‘வெர்த்ஸ்’. எதிரே நிற்பது, ஈடாக நிற்பது, விலை பெறுவது என்று பொருள் நகர்ந்திருக்கலாம் என்பது ஒரு சாராரின் கருத்து. வேறு சிலர் இந்த இணைப்பை ஏற்பதில்லை. மாணவி சேர்க்கலாம் என்றார். சேர்ப்பதற்குப் பொருள்வழியில் நேரடிச் சாட்சி எங்கள் கையில் இல்லை என்று நான் மறுத்தேன். தாளின் கீழே ‘உறுதியாகாதவை’ என்று தனிப்பெட்டி வைத்து அதில் எழுதினோம். மூன்று கேள்விகளில் இரண்டை மட்டும் தாண்டிய சொல்லுக்கு அதுவே சரியான இடம் என்று இப்போதும் கருதுகிறேன்.

வேரும் பொருளும்

இந்தோ-ஐரோப்பிய மூலவேர் ‘*வெர்த்-’, திரும்புதல், சுழலுதல். அது எப்படி ‘ஆகுதல்’ ஆயிற்று என்று படிக்கிறவருக்கு விளக்க வேண்டியிருந்தது. தமிழில் ‘திரி’ என்ற வினையே போதுமானதாக இருந்தது. திரிதல் என்றால் சுழலுதல்; மாறுதலும் அதுவே. பால் திரிந்துபோகிறது. நன்னூல் புணர்ச்சி விகாரங்களைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று வகுக்கிறது. உடல் திரும்புவதைச் சொல்லும் வினை, இயல்பு திரும்புவதைச் சொல்லப் போகிறது. சமஸ்கிருத ‘வர்ததே’வும் அப்படியே: சுழல்கிறது, நடக்கிறது, உள்ளது.

அந்த வினையின் கடன்சொற்கள் தமிழில் பல. சக்கரத்தை உருட்டுகிறவன் ‘சக்கரவர்த்தி’. ‘பரிவர்த்தனை’, ‘ஆவர்த்தனம்’, பாவகையான ‘விருத்தம்’. சமஸ்கிருத இலக்கணத்தில் நிகழ்காலத்துக்குப் பெயர் ‘வர்த்தமானம்’. ஜெர்மனில் நிகழ்காலம் ‘கேகன்வார்ட்’, எதிரே திரும்பி நிற்பது, அதே வேர். பெண்மணி இதைச் சொன்னபோது மாணவி ‘வெர்தந்தி’யையும் அருகில் எழுதினார். மூன்று மொழிகள் ‘இப்போது’ என்பதை ஒரே வேரிலிருந்து தனித்தனியாக உண்டாக்கிக்கொண்டன. ‘வட்டம்’ என்ற சொல்லையும் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. அது வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்பதில் இருதரப்பு வாதம் உண்டு, சேர்க்கவில்லை.

இளைஞரின் மூன்று பயன்பாடுகளுக்கும் விடை இப்போது எழுத முடிந்தது. ‘ஆகு’ என்பது அடிப்படை. ‘கட்டியதாக ஆகிறது’ என்பதிலிருந்து செயப்பாட்டுவினை. கோதிக்கிலேயே இறந்தகாலச் செயப்பாட்டுக்கு இந்த வினை துணையாக வந்துவிட்டது. எதிர்காலம் மிகப் பிந்தியது. இடைக்கால ஜெர்மனில் ‘பெய்கிறதாக ஆகும்’ என்பதுபோல் நிகழ்கால எச்சத்தோடு சேர்ந்து வந்து, பின்னர் எச்சத்தின் இடத்தில் வினையின் காலம் காட்டாத மூலவடிவம் அமர்ந்தது.

வழக்கொழிந்த இடங்கள்

வழித்தோன்றல் பட்டியலில் பிழைத்தவை மட்டும் இருந்தால் வரலாறு பாதிதான் தெரியும். ஆங்கிலம் இந்த வினையை முற்றிலும் இழந்தது. ‘பிகம்’ என்ற சொல், முன்பு வந்துசேர்தல் என்று பொருள்பட்டது, அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் எசேக்கியேல் 30:2இல் ‘அந்த நாளுக்குக் கேடு உண்டாகட்டும்’ என்ற பொருளில் வரும் தொடரில் ‘வொர்த்’ என்று ஒரு சொல் இருக்கிறது. படிக்கிறவர் அதை மதிப்பு என்று எண்ணக்கூடும். அது எங்கள் வினையின் கடைசி மூச்சு.

டேனிஷ், ஸ்வீடிஷ் மொழிகளில் ‘பிலி’ வகைச் சொல் அதைத் தள்ளியது. தாழ்ஜெர்மனில் ‘தங்கியிரு’ என்று பொருள்படும் வினை அது. விஸ்பி, பெர்கன் போன்ற துறைமுகங்களில் ஹன்சா என்ற வட ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பின் வணிகர் பேசிய மொழி வழியாக வந்தது. லக்சம்பர்கியத்தில் ‘கொடு’ என்ற வினையே ஆகுதலுக்கும் செயப்பாட்டுக்கும் வந்துவிட்டது. ஜெர்மனில் பழைய ஒருமையான ‘வார்ட்’ இன்று பேச்சில் இல்லை. லூத்தரின் வேதாகமத்தில் ‘வெளிச்சம் உண்டாயிற்று’ என்ற இடத்தில் கேட்கலாம்.

தாள் வெளியான பிறகு

திருத்திய தாளில் ஆங்கிலப் பகுதி ஆறு சொற்களிலிருந்து மூன்றானது. அதில் ஒன்று ஐயப்பெட்டியில். வெளியே போன மூன்றையும் நாங்கள் அழித்துவிடவில்லை. ‘இவை ஏன் உறவில்லை’ என்று தனிப்பகுதியாக்கினோம். மாணவி செய்த இணைப்புகளையே அடுத்துப் படிக்கிறவரும் செய்யப் பார்ப்பார் என்பதால். அந்தப் பகுதியைத்தான் பலர் விரும்பிப் படித்தார்கள்.

இரண்டு எதிர்வினைகள் தாளை மாற்றின. ஒன்று, குழுவில் ஒருவரோடு மருத்துவமனையில் வேலை செய்யும் நார்வேப் பெண் ஒருவரிடமிருந்து வந்தது. ஸ்காண்டினேவியாவில் ஐஸ்லாந்து தவிர மற்ற இடங்களில் வழக்கொழிந்தது என்ற வரியைப் பார்த்து, நார்வேயின் இரண்டு எழுத்துவழக்குகளில் ஒன்றான நீநோர்ஸ்க்கில் தான் இன்றும் ‘வெர்தா’ வகை வடிவத்தை எழுதுவதாகச் சொன்னார். நடு ஸ்வீடன் பேச்சில் ‘வார்ட்’ என்ற இறந்தகால வடிவம் கேட்கும் என்பதும் அப்போது சேர்ந்தது. ‘வழக்கொழிந்தது’ என்ற முத்திரையை எடுத்துவிட்டு, எந்த வடிவம் எந்த வழக்கில் உள்ளது என்று எழுதினோம்.

மற்றது கொஞ்சம் கவலை தந்தது. சக்கரவர்த்தி, வர்த்தமானம் என்ற சொற்களைப் பார்த்த சிலர், தமிழும் ஜெர்மனும் ஒரே குடும்பம் என்று தாளை மேற்கோள் காட்டிப் பேசத் தொடங்கினார்கள். தமிழ் திராவிட மொழி. அந்தச் சொற்கள் சமஸ்கிருதத்திலிருந்து இரவல் வந்தவை. இது தாளில் ஒரு வரியாக இருந்தது, ஆனால் கீழே இருந்தது. மறுபதிப்பில் கடன்சொற்களைத் தனி நிறத்தில் பிரித்து, அந்த வரியை அவற்றின் தலையில் ஏற்றினோம். ‘திரி’ உவமைக்காக மட்டும் வந்தது, உறவுக்காக அல்ல என்றும் சேர்த்தோம்.

கேள்வி கேட்ட இளைஞர் தாளைப் படித்துவிட்டு, செயப்பாட்டு வாக்கியம் இப்போது புரிகிறது, எதிர்காலம் இன்னும் பழக வேண்டும் என்றார். ‘கெஷ்னிட்டன்’ போன்ற வடிவங்களுக்காக மாஸ்டர் தனியாக ஒரு பக்கம் எழுதிக்கொடுத்தார்.

அடுத்த முறை மாற்றப்போவது

வரைவு எழுதும் கட்டத்திலேயே வினையின் நான்கு முதன்மை வடிவங்களையும் பழைய மொழிகள் ஒவ்வொன்றிலிருந்தும் எழுதச் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். இந்த வழக்கில் அவை முதல் நாளே மேசையில் இருந்திருந்தால் ‘வேர்ட்’ விவாதம் பாதியாகியிருக்கும். ஜெர்மானியத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு கிளைகளிலிருந்து சாட்சி இல்லாமல் மூலவேர் எழுதக்கூடாது என்பது இரண்டாவது. பேசுகிறவர் ஒருவரிடமாவது காட்டாமல் ஒரு சொல்லுக்கு வழக்கொழிந்தது என்ற முத்திரை இடுவதில்லை என்பது மூன்றாவது. இதில் மாணவி மிகவும் பிடிவாதமாக இருக்கிறார், அது நல்லது. சுவடிச் சான்று இருந்தால் வசனத்தோடு தருவது என்பதை விதியாக எழுதவில்லை. மத்தேயு வசனத்துக்குப் பிறகு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

‘வொர்த்’ இன்னும் ஐயப்பெட்டியில்தான் இருக்கிறது. அடுத்த தாள் ‘*வெஸன’. அதன் முதல் வரைவை இந்த முறை மாஸ்டர் எழுதுகிறார், மாணவி சரிபார்க்கிறார்.